நிற்கிற கார்

60 வருஷத்துக்கு முன்னால் நம்ம ஜில்லாவில் "கார்" என்றால் நெல்தான். ஆனியில் நட்டுப் புரட்டாசியில் அறுப்பது கார். ஐப்பசி, கார்த்திகையில் நட்டு மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு நிற்பது வேறு கார். "நிற்பது" என்று தெரிந்துதான் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் என் வயசு ஆட்கள் குடியிருக்கும் தெருக்களில் ஓடுகிற காரைவிட நிற்கிற கார்தான் அதிகம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், அமெரிக்காவில். பேரனுக்குப் பரீட்சை என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி ஒரு மாசம் போய்விடுகிறோம். மகளுக்குப் பேறுகாலம் என்றால் ஆறு மாசம். வீட்டைப் பூட்டி, கேஸை மூடி, தண்ணீர்க் குழாயை அடைத்து, பாலையும் பேப்பரையும் நிறுத்துகிறோம். காரை மட்டும் ஒரு கவரைப் போட்டு மூடிவிட்டால் போதும் என்று நினைப்பு. அது சும்மாதானே நிற்கப்போகிறது!

சும்மா நிற்பதுதான் வண்டிக்குக் கெடுதல். நம் ஊரிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. நெல்லையப்பர் தேர் ஆனியில் ஒரு தடவை ஓடிவிட்டு மீதி நாளெல்லாம் நிலையில் நிற்கிறது. திருவிழாவுக்கு முன்னால் சக்கரம், அச்சு, சங்கிலி, வடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். 2024 ஜூன் 21ஆம் தேதி தேரோட்டத்தில் வடம் திரும்பத் திரும்ப அறுந்து, ஜனங்கள் ரதவீதியில் காத்து நின்றது நினைவிருக்கும். சாமி வண்டிக்கே அந்தக் கவனம் வேண்டுமென்றால் நம்ம வண்டி எம்மாத்திரம்.

எங்கள் வீட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் இப்போது மூன்று கார்ச் சாவிகள் தொங்குகின்றன. ஒன்றும் என்னுடையது இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. எல்.ஐ.சி.யில் வேலை பார்த்த காலத்தில் ஊராருடைய பாலிசியைப் பார்த்தேன், இப்போது ஊராருடைய பேட்டரியைப் பார்க்கிறேன். ஏழெட்டு வருஷமாக இந்த வேலை பார்த்ததிலும், எங்கள் மெக்கானிக் தம்பி சொல்லிக்கொடுத்ததிலும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பேட்டரி. வண்டியைப் பூட்டினாலும் அதற்குள் கடிகாரம் ஓடுகிறது, திருட்டு அலாரம் விழித்திருக்கிறது, ரிமோட் சாவி எப்போது கூப்பிடும் என்று ஒரு பெட்டி காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாம் சேர்த்து 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் அவர், 30 நாளைக்கு 21 சொச்சம். சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர் அவர் பேட்டரி. ஒரு மாசத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நம்ம ஊர் வெயிலுக்கு அது தானாகக் கொஞ்சம் வடிவது வேறு. முழுசாக சார்ஜ் ஏறின பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே இறங்கி நாள்கணக்கில் கிடந்தால் உள்ளே தகட்டில் உப்புப் படிந்து, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய தெம்பு வராது. 2020இல் மார்ச் 25 முதல் மே 31 வரை ஊரடங்கு. அது முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது எங்கள் தெருவில் பாதி வண்டி "டிக் டிக்" என்றதோடு சரி.

இதற்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியம், வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பது. நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். மெக்கானிக் தம்பி ஒரே பேச்சில் முடித்துவிட்டான்.

"அண்ணாச்சி, அஞ்சு நிமிசம் ஓடவிடுததுக்கு ஓடவிடாமலே இருக்கலாம். ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்டே திரும்ப ஏறாது. ஆயிலும் சூடாவாது. சைலன்சருக்குள்ள தண்ணி கோத்து துருப்புடிக்கும். ஒண்ணு அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டுங்க. இல்லன்னா பேட்டரி ஒயரக் கழத்திப் போட்டுட்டு நிம்மதியா ஊருக்குப் போங்க."

இந்த இரண்டில் ஒன்றுதான் வழி. சாவியை வாங்கி ஓட்ட ஆள் இருந்தால், பத்து நாளைக்கு ஒரு தடவையாவது 25, 30 நிமிஷம் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். ஏ.சி.யையும் கொஞ்ச நேரம் போடச் சொல்லுங்கள். டீசல் வண்டி என்றால் இது இன்னும் முக்கியம். 2020க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் அது அடைத்துக்கொள்ளும், நல்ல ரோட்டில் ஓடினால்தான் எரிந்து சுத்தமாகும்.

ஓட்ட ஆள் இல்லையென்றால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 10ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவியால்தான் பூட்ட வேண்டும். திரும்பி வந்து மாட்டியதும் கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவே. புது மாடல் வண்டிகளில் இதைச் செய்யலாமா என்று ஒரு தடவை மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது ஹேண்ட் பிரேக். வாரக்கணக்கில் நிறுத்துகிற வண்டிக்கு அதைப் போடவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வந்து எடுத்தால் வண்டி நகராது. சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு செங்கலோ மரக்கட்டையோ வைத்தால் போதும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் "பி"யில் விட்டுக் கட்டை வையுங்கள்.

டயரில் மாசத்துக்கு ஒன்று, ஒன்றரை பவுண்டு காற்று தானாகவே இறங்கும். போகும் முன் வழக்கத்தைவிட மூன்று நாலு பவுண்டு கூட்டி அடித்துக்கொள்ளலாம். டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை யாராவது முக்கால் அடி முன்னே பின்னே தள்ளி வைத்தாலே டயர் பிழைக்கும்.

பெட்ரோல் டேங்க்கை நிரப்பிவிட்டுப் போவது நல்லது. இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் இல்லை.

எலி விஷயம் நம்ம ஊருக்கே உரியது. பிசான அறுப்பு முடிந்ததும் வயக்காட்டு எலிகளுக்குப் போக்கிடம் இல்லை. ஊர் ஓரத்தில் புது நகர்களில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பானெட்டுக்குள் கூடு கட்டி ஒயரைக் கடித்துவிட்டால் பத்தாயிரம், இருபதாயிரம் என்று போகும். புகையிலையைத் துணியில் முடிந்து கட்டுகிறவர்கள் உண்டு, பாச்சை உருண்டை போடுகிறவர்களும் உண்டு. நான் கண்ட வரையில் வாசனைக்கு எலி நாலு நாளில் பழகிவிடும். வாரம் ஒரு முறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும், வண்டிப் பக்கத்தில் அரிசிச் சாக்கு, தேங்காய்மட்டை போடாமல் இருப்பதும்தான் பலன் தருகிறது. வண்டிக்குள் முறுக்குத் துணுக்கு, பிஸ்கெட் தூள் இருந்தால் அது எலிக்கு வைத்த வெற்றிலை பாக்கு.

கவர் போடுகிறவர்கள் வண்டியைக் கழுவிக் காயவிட்டுப் போடுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று கவரைப் பிடித்து நாளெல்லாம் அடிக்கும். உள்ளே தூசி இருந்தால் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல ஆகிவிடும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவர் ஈரத்தை வெளியே விடாது. மார்கழியில் திறந்து பார்த்தால் ஸ்டீயரிங்கிலும் சீட் பெல்ட்டிலும் வெள்ளைப் பூஞ்சை. துணிக் கவர் நல்லது. கூரை இருந்தால் கவரே வேண்டாம்.

காகிதங்களையும் பாருங்கள். நாம் வெளியூரில் இருக்கும்போதுதான் இன்சூரன்ஸ் முடியும். முடிந்து 90 நாள் தாண்டினால் பல வருஷமாகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று உண்டு. சாவியை ஊரிலேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது. இதன் அருமை 2023 டிசம்பர் 17ஆம் தேதி தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து விடாத மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு தெரிந்தது. தாமிரபரணி கரை புரண்டு, கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே தண்ணீர். எங்கள் தெரு ஆற்றுக்குத் தூரம்தான், ஆனால் குளத்துக்குக் கீழே இருக்கிறது. மத்தியானமே வாய்க்கால் நிறைந்து தெருவுக்கு வந்துவிட்டது. அன்றைக்கும் ஆணியில் சாவி இருந்தது. நானும் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையனும் இரண்டு வண்டிகளைக் கொண்டுபோய் மேட்டுத் தெருவில் விட்டோம். மூன்றாவது வண்டியின் சாவி அதன் சொந்தக்காரரோடு புனேயில் இருந்தது. ராத்திரி அந்த வண்டியின் சீட்டு வரைக்கும் தண்ணீர்.

தண்ணீர் வடிந்ததும் அவர் போனில் கேட்டது, "கூரியர்ல சாவி அனுப்புதேன், ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கியளா?" மெக்கானிக் தம்பி பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். "சாவிய மட்டும் போட்டுராதிய! கட்டி இழுத்துட்டுப் போவோம்." இன்ஜினுக்குள் காற்றைத்தான் அமுக்க முடியும், தண்ணீரை அமுக்க முடியாது. தண்ணீர் புகுந்த இன்ஜினைச் சுற்றவிட்டால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படி ஆன இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பதும் கஷ்டம், தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். புனேக்காரர் வண்டி இழுத்துக்கொண்டு போகப்பட்டுப் பிழைத்தது. அடுத்த தெருவில் அவசரப்பட்ட ஒருவருடைய வண்டி பிழைக்கவில்லை.

ஆணியில் தொங்கும் மூன்றில் ஒரு சாவி மட்டும் ஊருக்குப் போனவர்களுடையது இல்லை. என்னோடு வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவருடைய வண்டி. அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. மைனிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பிள்ளை துபாய்க்குத் திரும்பிய மறுநாள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "தம்பி, அவுக இருந்தா வாரத்துக்கு ஒருக்க எடுப்பாக. நீங்க கொஞ்சம் ஸ்டார்ட் போட்டு வையுங்க."

ஸ்டார்ட் போட்டால் பத்தாது மைனி, ஓட்டணும் என்று மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னேன். சரி, ஓட்டுங்க என்றார்கள். முதல் மூன்று வாரம் நான் தனியாக ஓட்டினேன். நாலாவது வாரம், "சும்மா போற வண்டிதானே மைனி, நீங்களும் வாங்க. முறப்பநாடு கோயில் வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றேன். வியாழக்கிழமை, குரு ஸ்தலம். தூத்துக்குடி ரோட்டில் சுமார் 15 கிலோமீட்டர், பேட்டரிக்கு அளவான தூரம். அண்ணாச்சி போனதிலிருந்து மைனி வாசல்படி தாண்டவில்லை என்பது தெருவுக்கே தெரியும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். முன் சீட்டில் உட்காரவில்லை, என் வீட்டுக்காரியோடு பின்னால் உட்கார்ந்தார்கள். போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வரும்போது, "ஏ.சி.ய இவ்வளவு வைக்க மாட்டாக" என்றார்கள்.

அதிலிருந்து வியாழக்கிழமை காலையில் ஏழு மணிக்கே கூடையோடு வாசலில் நிற்கிறார்கள். தெருவில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பேட்டரி 12.6 காட்டுகிறது.

போன மாசம் அந்த வண்டிக்கு 15 வருஷம் முடிந்தது. ஆர்.சி.யைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம், இல்லையென்றால் கொடுத்துவிட வேண்டியதுதான். துபாயிலிருந்து பிள்ளை, "வித்துருங்கம்மா, செலவுதான்" என்று சொல்லியிருக்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னேன்.

"புதுப்பிச்சா எத்தன வருசத்துக்கு?" என்று கேட்டார்கள்.

"அஞ்சு வருசத்துக்கு மைனி."

"அஞ்சு வருசம் நான் இருக்கனோ இல்லையோ, பதிஞ்சு போடுங்க" என்றார்கள்.