இரண்டு விரல் ஆட்டம்

கணியம்பாடியில், வேலூர் - திருவண்ணாமலை சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது அந்த வீடு. வாசலில் ஒரு பழைய மகேந்திரா ஜீப். வீட்டுக்காரருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மனைவியின் பிறந்த வீடு, அமிர்தியைத் தாண்டி ஜவ்வாது மலைமேல். மாதம் இரண்டு முறையாவது இருவரும் மேலே போவார்கள். இறங்கும்போது சாமையும் புளியும் மூட்டையாகப் பின்னால் வரும்.

சில மாதங்களாகவே ஸ்டீரிங்கில் ஆட்டம். இரண்டு விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையாது. வேகம் நாற்பதைத் தாண்டினால் வண்டி தார் ரோட்டில் இடதும் வலதுமாக மேயும். இதற்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. ஸ்டீரிங் பாக்ஸில் ஒரு திருகாணி உண்டு. லாக் நட்டைத் தளர்த்தி அதைக் கொஞ்சம் இறுக்கினால், உள்ளே பற்கள் நெருங்கி ஆட்டம் குறைந்த மாதிரி இருக்கும். ஐந்து நிமிட வேலை. முதலில் கால் சுற்று இறுக்கினார். அடுத்த மாதம் இன்னொரு கால் சுற்று.

அதற்குப் பிறகு மலை இறங்கும்போதுதான் அது நடந்தது. வளைவில் திருப்பிய ஸ்டீரிங், வளைவு முடிந்தும் தானாக நேருக்கு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துத்தான் வண்டியைப் பள்ளத்துப் பக்கத்திலிருந்து மீட்டார்.

"ரோட்ல கல்லு" என்றார் மனைவியிடம். அந்த அம்மா பதில் பேசவில்லை. முன்னால் இருந்த கம்பியைப் பிடித்த கையை அமிர்தி வரும்வரை விடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி ஸ்பேனரை எடுத்தார்.

"அதையேதான் திருகப் போறீங்களா? அன்னிக்குக் கல்லு ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, நீ ஏறி உக்காரு" என்றார்.

சக்கரங்கள் தரையிலேயே இருக்க, முன்னும் பின்னும் கல் வைத்து அடியில் படுத்தார். எஞ்சின் ஓடவில்லை. அந்த அம்மா ஸ்டீரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்ட, அவர் ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்த்தார். பாக்ஸிலிருந்து டிராப் ஆர்ம், அதிலிருந்து டிராக் லிங்க், பிறகு இரண்டு சக்கரத்தையும் சேர்க்கும் டை ராட். நல்ல மூட்டு கையோடு வழுக்கித் திரும்பும். கெட்டது ஒரு கணம் தாமதித்து, டக்கென்று இடிக்கும்.

"இடது பக்கம் தட்டுதுங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. வண்டி ஓட்டவே தெரியாதவர். ஆனால் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. இடது டை ராட் எண்டின் ரப்பர் கிழிந்து, கிரீஸ் போய், குண்டு தேய்ந்து கிடந்தது. குற்றம் இங்கே, தண்டனை பாக்ஸுக்கு!

ஒரு காலத்தில் மகேந்திரா இந்தியாவில் ஜீப் பூட்டி வந்தது. அந்தப் பழைய ஜீப்புகளில் இந்த மூட்டுகள் எல்லாம் கைக்கு எட்டும். அதுதான் வசதி, கண்டதையும் திருகிப் பார்க்கத் தோன்றுவதும் அதனால்தான்.

பாக்ஸில் தான் இறுக்கிய அரைச் சுற்றை முதலில் திரும்பத் தளர்த்தினார். அச்சுக்கு அடியில் கட்டை கொடுத்து, பழைய எண்ட் எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்றினார். நட்டை இறுக்கிவிட்டுப் பழைய காட்டர் பின்னையே பிளையரால் நிமிர்த்தத் தொடங்கினார்.

"புதுசு இன்னா விலை?"

"அஞ்சு ரூபா இருக்கும்."

"அஞ்சு ரூபாய்க்கா பாக்கறீங்க?"

மகன் சைக்கிளில் கடைக்கு ஓடினான். அந்த நட்டு கழன்றால் சக்கரம் ஒரு பக்கம், ஸ்டீரிங் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஒரு முறை வளைத்த பின் மறுமுறை உடைய வாய்ப்பு அதிகம்.

பிறகு இரண்டு டயரிலும் சாக்பீஸால் கோடு போட்டு, முன்பக்க இடைவெளியை டேப்பால் அளந்தார்கள். கோடு பின்னால் போகும்படி வண்டியைத் தள்ளி, அதே உயரத்தில் மறுபடி அளந்தார்கள். முன்பக்கம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி டை ராட் குழாயைத் திருப்பி, கிளாம்ப்பை இறுக்கினார். இந்தக் கணக்கு வேலூர் போய்ச் சேரத்தான். மறுநாள் அங்கே அலைன்மென்ட் பார்த்து, பாக்ஸையும் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே மலைப் பயணம்.

அதே வளைவில் ஸ்டீரிங் அவர் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்தது. அந்த அம்மாவின் மடியில் அம்மா வீட்டுக்கு எடுத்துப்போகும் முறுக்குத் தூக்கு. இரண்டு கையும் அதன்மேல்தான் இருந்தன.

"பாத்து ஓட்டுங்க. ரோட்ல கல்லு இருக்கப் போவுது."