மட்டம் காக்கும் வண்டி

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பிக்க முனைவோர் பெரும்பாலும் முதலில் அதன் பளபளப்பையே நாடுகின்றனர். சாலையில் செல்லும்போது காண்போர் கண்கள் படிவது அதன்மீதுதான் அல்லவா? வண்டியின் அடியில், சேறும் புழுதியும் படியும் இடத்தில் மறைந்திருந்து உழைக்கும் உறுப்புக்களை யாரும் பார்ப்பதில்லை. எனினும், ஒரு வண்டியைச் சொகுசு வண்டி என்று பெயர்பெறச் செய்தவை பல சமயங்களில் அவ்வுறுப்புக்களே ஆகும்.

பளபளப்பும் எளிதில் வருவதன்று. சென்னைக்கு மேற்கே, 1964-ஆம் ஆண்டில் அமைந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் உண்டு. அத்தகைய பட்டறைக்கு வரும் பழைய பட்டையின் மீது உடனே குரோமியத்தை ஏற்றிவிட முடியாது. பழைய முலாமை நீக்கி, துருவைத் தேய்த்து, குழிகளை அடைத்து, முதலில் செம்பும் அதன்மேல் நிக்கலும் ஏற்றவேண்டும். குரோமியம் அனைத்திற்கும் மேலே படியும் மிக மெல்லிய படலமே. அடியிலுள்ள நிக்கல் வழவழப்பாக இல்லையேல், மேலே உள்ள குரோமியம் அந்தக் குறையை மறைக்காது, எடுத்துக்காட்டும். முலாம் தொட்டியில் உள்ள குரோமியக் கரைசல் கொடிய நஞ்சு. கழிவு நீரைத் தூய்மை செய்யாமல் ஓடையில் விடுபவர், ஒரு வண்டியை அழகு செய்து ஓர் ஊரின் நீரைக் கெடுத்தவராவார்.

இனி, அடியில் மறைந்திருப்பதைப் பார்ப்போம். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, பெட்டிகளையும் ஏற்றினால், சாதாரண வண்டியின் பின்புறம் தாழும், முன்புறம் நிமிரும். அப்போது முன்விளக்கின் ஒளி சாலையை விட்டு எதிரே வருவோர் கண்களைத் தாக்கும். முன்சக்கரங்களின் பிடிப்பும் குறையும். இக்குறையைப் போக்க, பிரெஞ்சு நாட்டுச் சித்ரோன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மாஜேஸ் என்பவர் எண்ணெயையும் வாயுவையும் துணைக்கொண்டார். 1954-இல் அந்நிறுவனத்தின் ஒருவகை வண்டியில் பின்சக்கரங்களுக்கு மட்டும் இவ்வமைப்புப் பொருத்தப்பட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த டி.எஸ். என்னும் வண்டியில் நான்கு சக்கரங்களும் அதனைப் பெற்றன. 1965-இல் இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமும், சித்ரோனிடம் உரிமம் பெற்று, தன் சில்வர் ஷாடோ வண்டியில் மட்டம் காக்கும் முறையைக் கையாண்டது. பெருமைமிக்க அந்நிறுவனம் பிறரிடம் கற்கத் தயங்கவில்லை என்பது கருதத்தக்கது.

இது செயற்படும் முறை எளியது. ஓர் இரும்புக் கோளத்தின் நடுவே இரப்பர்ச் சவ்வு ஒன்று இருக்கும். சவ்வின் ஒருபுறம் நைட்ரஜன் வாயு; மறுபுறம் எண்ணெய். சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் சவ்வைத் தள்ளும்; வாயு சுருங்கி, பின் விரியும். வாயுவே வில்லாகிவிடுகின்றது. சில வண்டிகளில் சுருள்வில்லும் உடனிருந்து பளுவைப் பகிர்ந்துகொள்ளும். பின்புறம் தாழ்ந்தால், அச்சோடு இணைந்த சிறு கம்பி ஒரு வால்வைத் திறக்கும். பம்பு தரும் எண்ணெய் உட்சென்று வண்டியை உயர்த்தும். பளு இறங்கினால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வால்வு பதறினால் வண்டி ஓயாமல் ஏறி இறங்கும். ஆகவே, அது சற்றே தாமதித்து இயங்குமாறு அமைத்திருக்கின்றனர்.

இத்தகைய வண்டி பழுதுற்றால் அதன் நோயைப் பிரித்தறிதல் வேண்டும். வண்டி கட்டைவண்டிபோல் குலுங்கினால், கோளத்தின் வாயு போய்விட்டது என்பது பொருள். எண்ணெய் எளிதில் சுருங்காதன்றோ? பின்புறம் தாழ்ந்தே கிடந்தால், எண்ணெய்க் கசிவையோ வால்வையோ ஆராயவேண்டும். ஊற்றும் எண்ணெயிலும் கருத்து வேண்டும். சித்ரோன் வண்டிகளில் முன்பு சிவப்பு எண்ணெயும், 1960-களின் பிற்பகுதியிலிருந்து பச்சை எண்ணெயும் வழங்கின. ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் ஊற்றினால் இரப்பர் வளையங்கள் அனைத்தும் பாழாகும். குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தை வெளியேற்றவேண்டும். வண்டிக்கு உறுதியான தாங்கி கொடாமல் அதன் அடியில் எவரும் நுழைதல் கூடாது.

இத்தொல்லைகளுக்கு அஞ்சி, கோளங்களை எடுத்தெறிந்து, சாதாரணச் சுருள்வில்லைப் பொருத்திவிடுவோர் உளர். செலவு குறையும், வண்டியும் ஓடும். ஆயினும், அதன்பின் அது வேறொரு வண்டியே.

இக்கலை மேற்குப் புறநகருக்குப் புதிதன்று. ஆவடியில் 1965-இல் உருவாகி வந்த விஜயந்தா கவச வண்டியைத் தாங்கியவை முறுக்கேறும் எஃகுத் தண்டுகள். அதே ஊரில் உருவாகி, 2004-இல் முதன்முறையாக இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்ட அர்ஜுன் கவச வண்டியைத் தாங்குவனவோ எண்ணெயும் வாயுவும் ஆகும். ஐம்பது டன்னுக்கு மேற்பட்ட எடையைக் கரடுமுரடான நிலத்தில் குலுங்காமல் கொண்டுசெல்லும் அந்த முறையும், சொகுசு வண்டியின் கோளமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

பணி முடிந்த வண்டியைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டுவதில்லை. ஓர் அளவுகோல் போதும். சக்கரத்தின் நடுவிலிருந்து மேல்வளைவு வரை உள்ள உயரத்தை முதலில் குறித்துக்கொள்வர். பின்னர், பட்டறைத் தொழிலாளர் மூவர் பின்னிருக்கையில் ஏறி அமர்வர். வண்டி தாழும். எஞ்சினை ஓடவிட்டு அனைவரும் காத்திருப்பர். சிறிது நேரம் ஒன்றும் நிகழாது. பிறகு, எவரும் தொடாமலே, பின்புறம் மெல்ல மெல்ல எழுந்து, குறித்த அளவில் வந்து நிற்கும்.