கை தூக்குவது பற்றி ஒரு பாடம்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து 6 வாரம் ஆகிறதாம். "வீட்டுல கையை அசைக்கவே விடமாட்டேங்கிறாங்க டீச்சர். இப்போ தலை பின்னக்கூட கை எட்டலை" என்று அழுதாள். அவளிடம் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு இது நடந்து 5 வருடம் ஆகிறது. வலது பக்கம். மார்பகத்தோடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். பிறகு கீமோ, ரேடியேஷன்.

ஆபரேஷனுக்கு மறுநாளே பிசியோதெரபி செய்யும் பெண் வந்துவிட்டாள். விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, ஆழமாக மூச்சு இழுப்பது, அவ்வளவுதான். நீர் வடியும் குழாயை எடுக்கும்வரை தோளுக்கு மேல் கையை உயர்த்தக் கூடாது என்றாள்.

குழாய் எடுத்த பிறகு சுவர் ஏறும் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைச் சிலந்தி மாதிரி மெல்ல மேலே நகர்த்த வேண்டும். எட்டிய இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, இறக்க வேண்டும். வேளைக்கு 10 முறை. நான் தினமும் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுவேன். முதல் கோடு என் மூக்கு உயரம். சில நாள் கோடு நகரவே நகராது. ரேடியேஷன் சமயத்தில் கீழேகூட இறங்கியது. 8 மாதத்தில் இடது கை எட்டும் இடத்தை வலது கையும் தொட்டது. அந்தச் சுவருக்கு மட்டும் சார் இன்னும் வெள்ளையடிக்க விடவில்லை.

ஏன் அசைக்க வேண்டும்? தழும்பு இறுகினால் தோளும் இறுகிவிடும். ரேடியேஷனுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துத்தான் படுக்க வேண்டும். தூக்க முடியாதவர்களுக்கு அங்கேயே சிரமம். இன்னொன்று, ரத்தத்துக்கு இதயம் இருப்பது போல நிணநீருக்குத் தனி பம்பு இல்லை. தசைகள் சுருங்கி விரிவது அதைத் தள்ளிவிட உதவுகிறது.

"வெயிட் தூக்காதே, கை வீங்கும்" என்பார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். 1996இல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்ஸி என்ற மருத்துவர், மார்பகப் புற்றுநோய் வந்த 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து டிராகன் படகில் துடுப்புப் போட வைத்தார். துடுப்புப் போட்டதால் யாருக்கும் கை வீங்கவில்லை. 2009இல் அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து ஆய்வு செய்தார்கள். சிறிய எடையில் தொடங்கி மெதுவாகக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை. நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினேன். இப்போது குடம் தூக்குகிறேன்.

ஆனால் கை கனத்தாலும், மோதிரம் இறுகினாலும், சிவந்தாலும், காய்ச்சல் வந்தாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு இழுப்பது போல இருந்தால் பயப்படாதீர்கள், பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். என்ன பயிற்சி, எப்போது என்பதை உங்களைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை.

கீமோ நாட்களில் ஒரு சோர்வு வரும், தூங்கினாலும் போகாது. அதற்கு நடைதான் மருந்து. முற்றத்தில் 5 நிமிடம் நடந்தேன், அப்புறம் 10. காய்ச்சல் இருந்தால் மட்டும் நடக்கவில்லை. இன்று குளக்கரையில் 40 நிமிடம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாசத்தில்தான் "நீ உட்காரு, நான் செய்றேன்" என்கிறீர்கள். பெரிய வேலையை நீங்கள் செய்யுங்கள். அவள் தலையை அவளே சீவட்டும், கொடியில் துணியை அவளே போடட்டும். சாயங்காலம் அவளோடு சேர்ந்து நடங்கள்.

யாருக்காவது இது தேவைப்படும் என்று தோன்றினால் அனுப்பி வையுங்கள். பேச வேண்டும் என்றால் மாலை 5 மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்