மாட்டுக்கு என்ன மஸ்அலா?

கதை எழுதுவது எளிதென்று எண்ணியிருந்தேன். அரபுக் கல்லூரியில் இலக்கணமும் பிக்ஹும் ஓதி, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தே ஐம்பது வயதைக் கடந்துவிட்ட எனக்கு, ஒரு சிறுகதையின் ஒரேயொரு காட்சி மூன்று மாதங்களாக வசப்படவில்லை.

கதைக்களம் எங்கள் வீரபாண்டி. காலம் 1990களின் இறுதி. பனியன் தொழில் இவ்வூர்களுக்குச் சோறு போட்டது. சாயப்பட்டறைக் கழிவோ நொய்யலையும் சுற்றியுள்ள கிணறுகளையும் கெடுத்தது. பாசனத்துக்காகக் கட்டப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறிப் பின்னர் அவை இயங்கத் தொடங்கியதும் வாசகர்கள் அறிந்தவையே.

என் கதையில் ஒரு முதிய விவசாயி தம் கிணற்று நீரைச் செம்பில் ஏந்தி ஹஜ்ரத்திடம் வருகிறார். நீர் செந்நிறமாக இருக்கிறது. "ஏனுங்க ஹஜ்ரத், இதுல ஒளுச் செய்யலாமுங்களா?" என்று கேட்கிறார். ஹஜ்ரத் என்ன சொல்வார்? இதுதான் சிக்கல்.

முதலில் எழுதியபோது ஹஜ்ரத் மூன்று பக்கம் பேசினார். நீரின் வகைகள், நிறம், சுவை, வாடை மாறுதலின் சட்டம், இமாம்களின் கருத்து வேற்றுமை யாவும் அதில் அடங்கின. பெருமையுடன் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவள், "அந்தப் பெரியவர் எங்கே போனாருங்க?" என்றாள். திரும்பப் பார்த்தேன். மூன்று பக்கமும் அவர் செம்புடன் நின்றுகொண்டேயிருந்தார்.

மறுமுறை எழுதியபோது, ஹஜ்ரத் ஆவேசத்துடன் பட்டறை முதலாளியின் வீடு சென்று நியாயம் கேட்டார். எழுதும்போது மெய்சிலிர்த்தது, மறுநாள் காலையில் படித்தபோது வெட்கமாயிருந்தது. அவ்வாறு சென்ற ஒரு ஹஜ்ரத்தையும் நான் கண்டதில்லை. நானும் சென்றதில்லை.

சித்தி லெப்பை 1885இல் 'அஸன்பே சரித்திரம்' வெளியிட்ட நாள் முதல் நம்மவரிடையே நாவல் உண்டு. தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் அம்மக்களை அவர்கள் பேச்சிலேயே பேசவிட்டார். அதை மீண்டும் எடுத்துப் படித்தபோதுதான் என் குறை விளங்கிற்று. என் பெரியவரை நான் ஒரு கேள்வியோடு வாயடைத்துவிட்டேன். உண்மையில் அவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்.

ஆம், அந்தப் பெரியவர் என் கற்பனையல்லர். நான் மக்தபில் இளம் ஆசிரியனாயிருந்தபோது, அஸருக்குப் பின் செம்புடன் வந்தவர். அவருக்குச் சரியான மஸ்அலாவையே சொன்னேன்: "சாயம் கலந்து இவ்வளவு மாறிய நீர் ஒளுவுக்கு ஆகாது. நல்ல தண்ணீர் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தயம்மும் செய்யுங்கள்." அவர் தலையசைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "எனக்கு மண்ணு போதுமுங்க. மாட்டுக்கு என்னங்க பண்றது?"

நான் புன்னகைத்துவிட்டு, பாடத்துக்கு நேரமாயிற்று என்று உள்ளே சென்றேன். பிள்ளைகளின் தலைக்குமேல் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி ஒரு பட்டறைக்காரர் வாங்கித் தந்தது. சன்னல் வழியே பார்த்தேன். அவர் அந்நீரை வேப்பமரத்தடியில் ஊற்றப் போனார். ஊற்ற மனம் வராமல் செம்போடு திரும்பி நடந்தார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இதை யாரிடமும் சொல்லாதிருந்தேன். கதையிலும் இதை மறைக்கவே மூன்று பக்கச் சட்டமும் ஒரு பக்க ஆவேசமும் தேவைப்பட்டன.

இப்போது அக்காட்சி முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஹஜ்ரத் மஸ்அலாவை இரண்டே வரியில் சொல்கிறார். பெரியவர் மாட்டைப் பற்றிக் கேட்கிறார். மின்விசிறி சுழல்கிறது. ஹஜ்ரத் உள்ளே போகிறார். அவருக்காக ஒரு சொல்லும் நான் வாதாடவில்லை.

அச்சேறினால், ஊரில் சிலர் அந்த ஹஜ்ரத் யாரென்று கண்டுகொள்வர். விசிறி யார் கொடுத்ததென்பதும் தெரிந்துவிடும். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. அவர் மறைந்து பல்லாண்டுகளாயின. மனைவியிடம் மறுபடி படித்துக் காட்டினேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின், "மாடு என்ன ஆச்சுங்க?" என்றாள்.

அதை நான் விசாரிக்கவேயில்லை.