பனியில் ஒரு கோடு

மலைச்சரிவில் இறங்குபவன் முன்னோக்கியே பார்க்கவேண்டும் என்பது பனிச்சறுக்கின் முதற்பாடம். ஆயினும், தான் எவ்வாறு இறங்கினான் என்பதை அறிய விரும்பினால், அவன் ஓரிடத்தில் நின்று பின்னோக்கித்தான் பார்க்கவேண்டும். ஒற்றைப் பலகையில் நின்று பனிச்சரிவில் இறங்கும் விளையாட்டிலே, வன்சப்பாத்து அணிந்து பனியைச் செதுக்கிக்கொண்டு இறங்கும் முறைக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். அங்கே தீர்ப்பு வழங்குவது கைதட்டல் அன்று. பனியிற் பதிந்த தடமே.

சுவிற்சர்லாந்தின் வலே மாநிலத்தில், உயர்ந்த மலைகளுக்கு நடுவே, சினால் என்னும் சிற்றூர் உள்ளது. குளிர்காலக் காலையொன்றில் அவ்வூருக்கு இளைஞன் ஒருவன் வந்து சேர்ந்தான். பத்து ஆண்டுகளாகப் பலகையிற் பழகியவன். எந்தச் சரிவும் தன்னை அச்சுறுத்தாது என்ற எண்ணம் உடையவன். இரவில் இயந்திரங்கள் சீர்செய்துவிட்டுச் சென்ற சரிவு, சீப்பினால் வாரிவிட்ட கூந்தல்போல் வரிவரியாகக் கிடந்தது. கம்பிவடத்தில் தொங்கிய நாற்காலியில் அமர்ந்து மேலே செல்கையில் அவன் கீழே நோக்கினான். யாரோ ஒருவர் அவனுக்கு முன்னரே இறங்கியிருந்தார். வலமும் இடமுமாக வளைந்து சென்ற அத்தடம், கூரிய பென்சிலால் வரைந்த கோட்டைப் போல மெல்லியதாக இருந்தது. பின்னர் அவன் இறங்கினான். மறுமுறை மேலே செல்லும்போது தன் தடத்தைத் தேடினான். அது தும்புத்தடியால் முற்றத்தைப் பெருக்கியது போல அகன்று கலைந்து கிடந்தது. பத்து ஆண்டுகளில் அவன் தன் தடத்தைப் பார்த்தது அதுவே முதற்றடவை.

இவ்விரு தடங்களுக்கும் உள்ள வேறுபாடு யாது? பெரும்பாலானோர் திரும்பும்போது பின்காலால் பலகையைப் பக்கவாட்டிலே தள்ளுகின்றனர். பலகை பனியைச் சுரண்டிக்கொண்டு வழுக்கும். சுரண்டலே வேகத்தையும் தணிக்கும். செதுக்கி இறங்குபவரோ பலகையைத் தள்ளுவதில்லை, சாய்க்கின்றார். சாய்ந்த பலகையின் உருக்கு விளிம்பு பனியிலே ஒரு பள்ளத்தைக் கீறுகின்றது. பலகையின் முனை சென்ற அதே வழியால் அதன் வாலும் செல்கின்றது. கரண்டி பழத்தைச் சுரண்டுவதற்கும் கத்தி அதனை அறுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது எனலாம்.

இவ்விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 1965 ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷேர்மன் பொப்பன் என்பவர் தம் பெண்பிள்ளைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீ கட்டைகளை ஒன்றாகப் பிணைத்தார். அவ்விளையாட்டுப் பொருள் பெருந்தொகையாக விற்பனையாயிற்று. 1977 இல் வேர்மொன்ற் மாநிலத்தில் ஜேக் பேர்ட்டன் காப்பென்ரர் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். பலகை ஐரோப்பாவை அடைந்தபோது, ஸ்கீயிலும் மலையேற்றத்திலும் ஊறியிருந்த அல்ப்ஸ் நாட்டவர், தாம் அறிந்திருந்த கடினமான பிளாஸ்ரிக் சப்பாத்துகளையே அதன்மேலும் பூட்டிக்கொண்டனர். வன்சப்பாத்து மரபு இவ்வாறு வேரூன்றியது.

கருவிகளை நோக்குவோமாயின், ஒவ்வொன்றும் மற்றொன்றின் தேவையால் உருப்பெற்றமை புலனாகும். சாதாரண பலகையின் இடை ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் அகலமானது. செதுக்கும் பலகையின் இடையோ பெரும்பாலும் 18 முதல் 21 சென்ரிமீற்றர் வரையிலேயே அமையும். பலகை ஒடுங்க ஒடுங்க, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவது விரைவாகும். ஆனால் ஒடுங்கிய பலகையிற் பாதத்தைக் குறுக்காக வைத்தால் விரல்நுனியும் குதியும் வெளியே நீட்டிநிற்கும். பலகை சாயும்போது அவை பனியில் முட்டி விளிம்பைக் கிளப்பிவிடும். ஆகவே பாதங்கள் பலகையின் குறுக்குக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 55 முதல் 65 பாகை வரை முன்னோக்கித் திருப்பி வைக்கப்படுகின்றன. அந்நிலையில் முழங்காலின் சிறு அசைவையும் விளிம்புக்கு உடனே கடத்தவேண்டுமாயின் கணுக்காலைப் பற்றிநிற்கும் உறுதியான கூடு வேண்டும். அதுவே வன்சப்பாத்து. பலகையிற் பொருத்திய தகட்டின் முன்னும் பின்னும் உள்ள உருக்கு வளையங்கள் அதன் அடியைக் கவ்விக்கொள்கின்றன.

இளைஞன் அச்சப்பாத்துகளை இரவலாகப் பெற்று அணிந்தான். நான்கு கொளுக்கிகளையும் பூட்டியதும், கால்கள் தன்னுடையவை அல்ல என்று அவனுக்குத் தோன்றியது. நடக்கையில் தடுமாறினான், பழகிய கால்கள் பழகியவாறு பலகையைத் தள்ள முயன்றன, ஒடுங்கிய பலகை அதற்கு இணங்கவில்லை. ஐந்து நிமிடங்களில் இறங்கிய சரிவில் ஒரு மணித்தியாலம் விழுந்தெழுந்தான். சிறுவர்கள் அவனைக் கடந்து சென்றனர். உடல் வலியிலும் அது பெரிய வலி.

சரிவின் ஓரத்தில் நின்று இதனைக் கவனித்த முதியவர் ஒருவர் அவனை அணுகினார். காலையில் அந்த மெல்லிய கோட்டை வரைந்தவர் அவரே.

"திரும்புவதற்கு முயலவேண்டாம். சரிவுக்குக் குறுக்கே நேராகச் செல்லும். பின் பலகையைச் சாய்த்துவிட்டுப் பொறுத்திரும். அது தானாகவே வளைந்து மேல்நோக்கி ஏறி நிற்கும். நின்றதும் நடந்துபோய் உமது தடத்தைப் பாரும்" என்றார்.

பயிற்சி இவ்வளவுதான். அவன் குறுக்கே சென்றான், சாய்த்தான், பொறுக்கமுடியாமற் பின்காலால் தள்ளினான். நடந்துபோய்ப் பார்த்தபோது, தொடக்கத்தில் மெல்லியதாக இருந்த கோடு அவன் தள்ளிய இடத்தில் விசிறியாக விரிந்திருந்தது. அவனது அவசரம் எவ்விடத்தில் தொடங்கியது என்பதைப் பனி அங்குலம் பிசகாமற் குறித்து வைத்திருந்தது. மறுபடியும் முயன்றான். நண்பகலளவில், முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சிதையாத ஒரு வில்லை அவன் கண்டான். அதன் நீளம் பத்து மீற்றர் இருக்கலாம். குனிந்து கையுறையைக் கழற்றி அப்பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தான்.

பலகை தானாக வளைவதில் மாயம் ஏதும் இல்லை. அதன் விளிம்புகள் நேரானவை அல்ல. இடையில் உட்குழிந்து, பெரியதொரு வட்டத்தின் வில்லாக அமைந்தவை. பலகை சாயும்போது அதன் நடுப்பகுதியும் பனியைத் தொடுமாறு வளைகின்றது. சாய்வு கூடக்கூட வட்டம் சிறுக்கின்றது. விளிம்பின் ஆரை 12 மீற்றர் எனக் கொண்டால், 60 பாகை சாய்வில் பலகை வரையும் வில்லின் ஆரை ஏறத்தாழ 6 மீற்றர் ஆகும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வில்லில் செல்பவர் விழாதிருப்பதற்குச் சாயவேண்டிய அளவும் ஏறத்தாழ அந்த 60 பாகையே. அப்பொழுது கால்கள் உடல் நிறையின் இருமடங்கைத் தாங்குகின்றன. வேகமும் சாய்வும் வளைவும் இவ்வாறு ஒன்றுக்கொன்று இசைந்து வரும்போது, மனிதன் கிடையாகச் சரிந்தும் விழுவதில்லை.

இங்கேதான் ஓர் ஆசை குறுக்கிடுகின்றது. செதுக்குபவர் கையாற் பனியைத் தடவிச் செல்லும் காட்சி கவர்ச்சியானது. இளைஞனும் இரண்டாம் நாளே இடுப்பை வளைத்துக் கையைப் பனிக்கு நீட்டினான். கை பனியைத் தொட்டது, பலகை வழுக்கியது. மேலுடல் மட்டும் சாய்ந்ததேயன்றிப் பலகை சாயவில்லை. சரியான சாய்வின் விளைவாகப் பனி கையிடம் வரவேண்டும். பனியைத் தேடிக் கை போகலாகாது. இக்கலையை அதன் எல்லைவரை கொண்டுசென்ற சுவிற்சர்லாந்தினரான ஜாக் றில்லியே, பற்றிஸ் பிவா ஆகியோரின் இறக்கங்களில் முழு உடலும் பனியில் படுத்தவாறு செல்கின்றது. விளிம்பு மாறும்போது கால்களை மடக்கி, வளைவினூடே அவற்றை நீட்டும் முறையாலேயே அது கைகூடுகின்றது.

இத்துணை நுட்பம் வாய்ந்த இம்முறை இன்று ஏன் சிறுபான்மையாயிற்று? 1998 இல் ஜப்பானின் நகானோ நகரில் பலகை முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மாபெரும் வளைவோட்டத்தில் வன்சப்பாத்து அணிந்த கனடாவின் றொஸ் றெபக்லியாற்றியும் பிரான்சின் கரீன் றூபியும் தங்கம் வென்றனர். ஆனால் இளைஞர்களின் உள்ளம் ஏற்கெனவே வானில் தாவிச் சுழலும் வித்தைகளின்பாற் சென்றுவிட்டது. அவற்றுக்கு மென்சப்பாத்தே ஏற்றது. சந்தை அவ்வழியே செல்ல, வன்சப்பாத்துப் பலகைகளைச் செய்யும் பணி பெரும்பாலும் சிறு பட்டறைகளின் கைக்கு வந்தது. ஆயினும் கலை அழியவில்லை. 2018 இல் பியொங்சாங் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் எஸ்தர் லெடெற்ஸ்கா, ஸ்கீ அணிந்து ஒரு செக்கனின் நூறிலொரு பங்கு வித்தியாசத்தில் ஒரு தங்கத்தையும், ஒரு வாரத்தின் பின் வன்சப்பாத்துடன் பலகையில் மற்றொரு தங்கத்தையும் வென்றார். கருவி இரண்டாயினும் விளிம்பின் இலக்கணம் ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சினாலில் அவ்விளைஞன் தங்கியது ஆறு நாட்கள். கடைசி நாள் மாலையில் சரிவின் அடியில் நின்று திரும்பிப் பார்த்தான். ஐந்து வளைவுகள், மூன்று தூயவை, இரண்டு கலைந்தவை. எந்த இரண்டு என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. பத்து ஆண்டுகள் பிறர் புகழ்ந்த இறக்கங்கள் அவனுக்குக் கற்பியாததை அந்த இரண்டும் கற்பித்தன. இருள் கவிந்ததும் இயந்திரங்கள் விளக்கேற்றிக்கொண்டு மேலே ஏறின. முதியவரின் கோட்டையும் இளைஞனின் கோட்டையும் வேறுபாடின்றி அழித்து, மறுநாட் காலைக்கெனச் சரிவை அவை மீண்டும் வாரிவிட்டுச் சென்றன.