நீயா, நீங்களா? - ஒரு பிரெஞ்சு பரீட்சை

போன வாரம் ரிசல்ட் வந்துச்சு மக்களே. கேட்டல் 7, வாசித்தல் 8, எழுதுதல் 7, பேசுதல் 6. நாலுலயும் 7 வேணும். ஆக, ஊத்திக்கிச்சு.

என்ன பரீட்சைன்னு கேக்கறீங்களா? டெஃப் கனடா. பாரிஸ் வணிகச் சபை நடத்தற பிரெஞ்சு மொழித் தேர்வு. கனடா போகணும்னா ஐ.இ.எல்.டி.எஸ் எழுதுவாங்க, அது தெரியும், இதென்ன பிரெஞ்சுன்னு எங்க தெரு அயர்ன் கடைக்காரர் வரைக்கும் கேட்டுட்டாங்க. அதனால கொஞ்சம் கணக்கு சொல்லிடறேன், பொறுத்துக்கோங்க.

எக்ஸ்பிரஸ் என்ட்ரின்னு ஒரு வரிசை. வயசு, படிப்பு, வேலை, மொழி எல்லாத்துக்கும் மார்க் போட்டு மேல இருக்கறவங்களைக் கூப்பிடுவாங்க. எனக்கு 37 வயசு, பி.இ., பதினஞ்சு வருஷ சாப்ட்வேர் சர்வீஸ், தங்கமணியோட டிகிரி, ரெண்டு பேர் இங்கிலீஷ் மார்க்... எல்லாத்தையும் பெருக்கிக் கூட்டினா 391. 2024 பிப்ரவரியில் பொதுப் பிரிவுல கூப்பிட்டது 530-க்கு மேல இருந்தவங்களைத்தான். அதே பிப்ரவரி 29-ம் தேதி பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குன்னு தனியா ஒரு சுற்று நடத்தினாங்க. அதுல கட்-ஆஃப் 336! கியூபெக்குக்கு வெளியிலயும் பிரெஞ்சு பேசற ஜனம் குறைஞ்சுடக் கூடாதுன்னு கனடா அரசாங்கத்துக்கு கவலை. 2023 ஜூலைல இந்தத் தனி வரிசையை ஆரம்பிச்சாங்க. பிரெஞ்சுல நாலு பிரிவுலயும் அவங்க அளவுகோல்ல 7 வாங்கிட்டா எனக்கு 62 மார்க் கூடி 453 ஆகும். அதோட அந்தத் தனி வரிசையிலயும் நிக்கலாம். வாங்கலைன்னா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 மார்க் குறையும். கேக் வெட்டறதுக்கு பதிலா மார்க் வெட்டறாங்க :-)

தங்கமணி அந்த 336-ஐ போன்ல காட்டினாங்க. "நீங்க ஸ்கூல்ல பிரெஞ்சுதானே எடுத்தீங்க?"

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

ஆமா, எடுத்தேன். ப்ளஸ் டூல 200-க்கு 191. ஆனா ஒரு நாள் கூட வாயைத் திறந்து பேசினது கிடையாது. வினைச்சொல் அட்டவணை, மொழிபெயர்ப்பு, மனப்பாடமா நாலு கடிதம், அவ்ளோதான். எங்க காலத்துல மெட்ரிக் ஸ்கூல்கள்ல பாதி கிளாஸ் பிரெஞ்சு எடுத்ததே மார்க்குக்காகத்தான். இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்கு மொழிப்பாட மார்க் ஒரு பைசா பிரயோஜனம் இல்லைங்கறது வேற விஷயம். மொத்த மார்க் ஆயிரத்து நூறைத் தாண்டணும், சொந்தக்காரங்க கிட்ட சொல்லணும், அதான் லட்சியம்.

இதுல வில்லங்கம் என்னன்னா, எங்கம்மா தமிழாசிரியை. குரோம்பேட்டைல ஒரு ஸ்கூல்ல முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் புணர்ச்சி விதி சொல்லிக் கொடுத்தவங்க. அவங்க பையன் தமிழை விட்டுட்டு பிரெஞ்சு! அப்பா ஃபார்ம்ல கையெழுத்து போட்டுட்டார். அம்மா ரெண்டு நாள் யார் கிட்டயும் பேசல. மூணாவது நாள், "சரி, படி"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் எடுக்கலை.

2024 மார்ச்ல முதல்ல ஒரு கோச்சிங் சென்டர்ல சேர்ந்தேன். பேர் வேண்டாம். "நாலு மாசத்துல 7 கியாரண்டி"ன்னாங்க. மறுபடியும் மனப்பாடம். எந்த தலைப்பு வந்தாலும் சொருகற மாதிரி இருபது வாக்கியம். 191-ஐ எப்படி வாங்கினேனோ அதே டெக்னிக். ரெண்டாவது மாசமே ஓடி வந்துட்டேன், காசு திரும்பலை. அப்புறம்தான் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு அலியான்ஸ் பிரான்சேஸ். 1953-ல இருந்து இருக்கற இடம். சனி ஞாயிறு கிளாஸ்.

தாம்பரத்துல ஏறி நுங்கம்பாக்கத்துல இறங்கற வரைக்கும் காதுல ஆர்.எஃப்.ஐ ரேடியோவோட எளிய பிரெஞ்சு செய்தி. பத்து நிமிஷச் செய்தி, சானடோரியத்துல ஆரம்பிச்சா பல்லாவரம் தாண்டி முடியும். முதல் ரெண்டு மாசம் ஒண்ணும் புரியல. எண்கள் வந்தா செத்தேன். 97-ஐ "நாலு இருபது பதினேழு"ன்னு சொல்ற ஊர் அது. நான் நாலையும் இருபதையும் பெருக்கி முடிக்கறதுக்குள்ள மீனம்பாக்கம் வந்துடும்.

கிளாஸ்ல ஒரு பாண்டிச்சேரிக்காரர் இருந்தார். அவரோட கொள்ளுத்தாத்தா பிரெஞ்சு அரசாங்க குமாஸ்தாவா சைகோன் போனவராம். அந்தக் காலத்துல பாண்டி, காரைக்கால் தமிழர்கள் நிறைய பேர் இந்தோசீனா போனாங்க. இன்னிக்கும் அந்த ஊர் நடுவுல மாரியம்மன் கோயில் இருக்கு. இப்போ அதே வியட்நாம்ல இருந்தும் பிரெஞ்சு படிச்சுட்டு இதே கனடா வரிசைல நிக்கறாங்கன்னு சொல்லிச் சிரிச்சார். அவருக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை கூட வீட்ல இருந்து வரலை. என்னை மாதிரியே முதல்ல இருந்து ஆரம்பிச்சவர்.

வீட்ல உரக்கப் படிப்பேன். ஒரு நாள் அம்மா முருங்கைக்கீரை ஆய்ஞ்சுட்டே கேட்டாங்க, "லே-ன்னா என்ன, அமி-ன்னா என்ன, நடுவுல எங்கேருந்துடா 'ஸ்' வந்துச்சு?" நண்பர்கள்ங்கறதுக்கு 'லேஸமி'ன்னு சேத்து சொல்லணும். தனியா சொன்னா கேக்காத எழுத்து, அடுத்த வார்த்தை உயிரெழுத்துல ஆரம்பிச்சா முழிச்சுக்கும்னு விளக்கினேன். "அட, நம்ம உடம்படுமெய்க்கு ஒண்ணுவிட்ட தம்பி"ன்னாங்க. கீரையைத் தள்ளி வச்சுட்டு பக்கத்துல உக்காந்துட்டாங்க.

மூக்கொலி எனக்கு வரவே வராது. ரொட்டிக்கு 'பான்'னு அழுத்தமா 'ன்' போட்டு டீச்சர் கிட்ட திட்டு வாங்கிட்டிருந்தேன். அம்மா சொன்னாங்க, "மரம்னு எழுதற. பேசும்போது உதட்டை மூடி 'ம்' சொல்றியா? மூக்கால இழுத்து விட்டுடறல்ல? அதே மாதிரி விடு." அடுத்த கிளாஸ்ல டீச்சர் தலையாட்டினாங்க! ஒரே ஒரு இடத்துல அம்மாவுக்கு கோபம் வந்துச்சு. சாப்பாட்டு மேஜை பெண்பால், எழுதற மேஜை ஆண்பால். "அஃறிணைக்கு ஏதுடா ஆணும் பெண்ணும்? இது என்ன மொழி!"

இத்தனைக்கும் நான் எதுக்குப் படிக்கறேன்னு அவங்களுக்குத் தெரியும். சூப்பர் வீசான்னு ஒண்ணு இருக்கும்மா, ஒரு தடவை வந்தா அஞ்சு வருஷம் வரைக்கும் எங்களோட இருக்கலாம்னு சொல்லிப் பாத்தேன். "அஞ்சு வருஷம் அந்த குளிர்ல நான் யார் கிட்டடா பேசுவேன்? எனக்கு சேலையூர் போதும்"னு டி.வி.யைப் போட்டுட்டாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். 2025 நவம்பர். வாசித்தல், கேட்டல், எழுதுதல் எல்லாம் கம்ப்யூட்டர்ல. ஒரு செய்தியோட ஆரம்பத்தைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்வாங்க, அப்புறம் பத்திரிகைக்கு ஒரு கடிதம். ஓரளவு ஓட்டிட்டேன். கடைசியா பேச்சு, பதினஞ்சு நிமிஷம். முதல் அஞ்சு நிமிஷம் ஒரு விளம்பரத்தைப் பாத்து போன் பண்ணி விசாரிக்கற மாதிரி கேள்வி கேக்கணும். யாரோ தெரியாதவங்க, அதனால 'வூ', அதாவது நீங்க. அது நல்லாவே போச்சு. மிச்சம் பத்து நிமிஷம், எதிர்ல இருக்கறவங்க உங்க ஃப்ரெண்டு. ஒரு விஷயத்துக்கு அவங்களை சம்மதிக்க வைக்கணும். அவங்க முடியாது முடியாதுன்னு காரணம் சொல்லிட்டே இருப்பாங்க. ஃப்ரெண்டுங்கறதால 'த்யு', நீன்னுதான் பேசணும்.

எதிர்ல உக்காந்திருந்தவங்களுக்கு அறுபது வயசு இருக்கும். நரைச்ச முடி, காட்டன் புடவை, கழுத்துல செயின் போட்ட கண்ணாடி. சத்தியமா சொல்றேன், என் வாய்ல 'நீ' வரலை. முதல் வாக்கியம் நீன்னு ஆரம்பிச்சேன், ரெண்டாவதுல நீங்கன்னு வந்துடுச்சு. திருத்தினேன். மறுபடியும் நீங்க. வினைச்சொல் பாதி அங்கயும் பாதி இங்கயும். அதை விடக் கொடுமை, அவங்க "எனக்கு நேரமில்லையே"ன்னாங்க, நான் "ஆமா, நீங்க சொல்றதும் சரிதான்"னுட்டேன்! "செலவாகுமே"ன்னாங்க. "ஆமாங்க, கொஞ்சம் அதிகம்தான்." சம்மதிக்க வைக்கற பரீட்சைல நானே சம்மதிச்சுட்டு வந்தேன். ஆபீஸ்ல மேனேஜர் கிட்ட பதினஞ்சு வருஷமா பண்றது அதான். பழக்கம் விடுமா?

ரிசல்ட் பாத்துட்டு தங்கமணி ஒண்ணும் சொல்லலை. காலண்டரைப் பாத்தாங்க. ஆகஸ்ட்ல எனக்கு 38.

ராத்திரி அம்மா கிட்ட நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாங்களோன்னு ஒரு நினைப்பு இருந்துச்சு, பொய் சொல்லலை. அவங்க முகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். முதல்ல சிரிச்சாங்க. அப்புறம், "என்னை நீன்னுதானே கூப்பிடற? ஒரு நாளாவது நீங்கன்னு சொல்லியிருக்கியா? அப்போ வயசு பிரச்னை இல்லை. உனக்கு அவங்க மனுஷங்களா தெரியல, டீச்சரா தெரிஞ்சிருக்காங்க"ன்னாங்க.

மறுபடியும் ஃபீஸ் கட்டியாச்சு. எவ்ளோன்னு அம்மா கிட்ட இன்னும் சொல்லலை. சாப்பாடு முடிஞ்சதும் தினம் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எதிர் சேர்ல வந்து உக்காந்துடறாங்க. நான் பிரெஞ்சுல, அவங்க தமிழ்ல. முதல் நாளே கேட்டுக்கிட்டாங்க, "நீ என்ன சொன்னாலும் நான் வரமாட்டேன்னு சொல்லணும், அவ்ளோதானே? ஆரம்பி."

போன்ல பத்து நிமிஷம் டைமர் வச்சிருக்கேன். இதுவரைக்கும் ஆறரை நிமிஷத்துக்கு மேல போகலை.