தீவு தீவாக ஒரு கப்பல் பயணம்... கிணற்றடியில் ஒரு பாடம்!

தாம்பரம்-வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணையைக் கடக்கும்போது, ‘தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம்’ என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். தினமும் அந்த வழியாகப் போய்வருகிறவர்களில் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. 1993-ம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்த மத்திய அரசு நிறுவனத்தின் முக்கியமான ஒரு வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், ரயில் ஏறி கொச்சிக்குப் போய், அங்கிருந்து ஒரு ராத்திரி முழுக்கக் கப்பலில் போக வேண்டும். லட்சத்தீவு மக்கள் குடத்தில் பிடிக்கும் குடிநீர்தான் அந்த வேலை.

லட்சத்தீவு என்றதும் நீலக்கடலும் வெள்ளை மணலும்தான் நினைவுக்கு வரும். அது உண்மைதான். ஆனால், நிலமும் கிணறும் வைத்திருப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனால், கடலைவிடக் கிணறுகள் அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

எப்போது, எப்படிப் போகலாம்?

மொத்தம் 36 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். 10 தீவுகளில் ஊர்கள் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. பெரும்பாலான தீவுகளில் பேச்சு மலையாளம். தெற்குக் கோடியில் இருக்கும் மினிக்காயில் மட்டும் மஹல் மொழி. 1956 நவம்பர் 1-ம் தேதி தனி யூனியன் பிரதேசமாகும் வரை இந்தத் தீவுகள் மதராஸோடுதான் இருந்தன.

வெளியூர்க்காரர்கள் நுழைவு அனுமதி வாங்கித்தான் போக முடியும். கொச்சியிலிருந்து கப்பல் கிளம்பும். தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் வரை ஆகும். ராத்திரி கப்பலிலேயே படுத்துக்கொண்டு, பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவாக இறங்கிப் பார்த்துவரும் சுற்றுலாத் திட்டம் உண்டு. நண்பர்கள் குழுவாகப் போக இதுதான் தோது. அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும். பவளப்பாறை மதிலுக்கு வெளியே கப்பல் நின்றுகொள்ள, சிறிய படகில் மாறிக் கரைக்குப் போவதும் உண்டு. அலை ஓங்கும் காலத்தில் அதுவே பெரிய பாடு.

மோட்டார் வராத காலத்தில், தீவுக்காரர்கள் பாய் விரித்த ஓடங்களில்தான் மங்களூருக்கும் மலபார் கரைக்கும் போனார்கள். ஆணிக்குப் பதில் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய ஓடங்கள் அவை. போகும்போது கயிறு, கொப்பரை, வெல்லம், சூரைக் கருவாடு, வரும்போது அரிசி. தீவில் நெல் விளையாது. அரிசி கரையிலிருந்து வந்தாக வேண்டும். ராத்திரியில் திசை பார்க்க ஒரு சின்னப் பலகையும், முடிச்சுப் போட்ட கயிறும் போதும். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்திப் பார்ப்பார்கள். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ, அந்த முடிச்சுக்கு உரிய துறைமுகத்தின் நேரில் ஓடம் இருக்கிறது என்று கணக்கு. அரபு மாலுமிகள் ‘கமால்’ என்று சொன்ன இந்தக் கருவியை, நம் சோழமண்டலக் கரை மாலுமிகள் ‘ராப்பலகை’ என்றார்கள்.

தென்னைதான் எல்லாம்

எந்தத் தீவில் இறங்கினாலும் தென்னைதான். நம் ஊர்போல 25 அடி இடைவெளி பார்த்து நட்ட தோப்பு குறைவு. விழுந்த நெற்று முளைத்த இடத்திலேயே மரமாகி, நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கலாம். ‘லட்சத்தீவு சாதாரண நெட்டை’ என்னும் இந்த ரகம் நம் விவசாயிகளுக்கும் உறவுதான். காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதைத் தேர்வு செய்து, ‘சந்திரகல்பா’ என்ற பெயரில் வெளியிட்டது. இதை சவுக்காட்டு ஆரஞ்சுக் குட்டையோடு ஒட்டியதுதான் ‘சந்திரலட்சா’. ‘லட்சத்தீவு மைக்ரோ’ என்று இன்னொரு ரகமும் உண்டு. காய் மிகச் சிறியது. எண்ணெய்ச் சத்து அதிகம்.

தேங்காய் மட்டையைக் கடலோர மணலில் குழி பறித்து உப்பு நீரில் ஊறவைத்து நார் எடுப்பது தீவின் பழைய தொழில். பாளை சீவி இறக்கும், போதை ஏறாத இனிப்பு நீருக்கு ‘மீரா’ என்று பெயர். நம் நீராதான் அது. அதைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள். புளிக்கவைத்துக் காடியும் எடுக்கிறார்கள்.

மரத்திலேயே குடியிருந்து இளங்காய்களைக் குடையும் எலிதான் இங்கு பெரிய எதிரி. முன்பெல்லாம் ஊர் ஆண்கள் எல்லோரும் திரண்டு எலி வேட்டைக்குப் போக வேண்டும் என்பது கட்டாயமாகவே இருந்தது. காண்டாமிருக வண்டும் உண்டு. ஆனால், விஷ மருந்து தெளிக்க முடியாது. 2017-ல் ரசாயன உரம், பூச்சிக்கொல்லிகளைத் தீவுக்குள் கொண்டுவரவே தடை போட்டார்கள். 2020-ல் லட்சத்தீவு முழுவதும் இயற்கை விவசாயப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இதில் சுற்றுச்சூழல் அக்கறையோடு தண்ணீரைப் பற்றிய கவலையும் அடங்கியிருக்கிறது. மணலில் கொட்டியது எதுவானாலும், சில அடிகளுக்குக் கீழே இருக்கும் குடிநீரில்தான் போய்ச் சேரும்.

மிதக்கும் நன்னீர்

லட்சத்தீவில் ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. பெய்கிற மழை மட்டும்தான். மினிக்காயில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் பெய்யும். சென்னையில் சுமார் 1,400 மில்லிமீட்டர். பெரிய வித்தியாசமில்லை.

அந்த மழைநீர் பவள மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீர்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் எடை குறைவு, கடல்நீர் எடை அதிகம் என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. தீவுக் கிணறுகள் ஆழமில்லாதவை. கடல் ஏறினால் கிணற்று நீரும் ஏறும். கடல் வற்றினால் கிணறும் இறங்கும். கயிறும் வாளியும் வைத்து இறைத்த காலத்தில் இந்த வில்லைக்கு ஆபத்து வரவில்லை. மோட்டார் வைத்து உறிஞ்சும்போதுதான் அடியில் இருக்கும் உப்புநீர் மேலே வருகிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதையே திருப்பிப் பார்த்தால், நிலத்தடி நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியில் இருக்கும் உப்புநீர் 40 அடி மேலே ஏறப் பார்க்கும். இரண்டும் சேரும் இடத்தில் கலப்பு நடப்பதால், நடைமுறையில் நன்னீரின் ஆழம் இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே கிடைக்கும். இந்த விதி லட்சத்தீவுக்கு மட்டுமல்ல. திருவான்மியூர் முதல் கோவளம் வரை, கடலூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் கிணறு வைத்திருக்கும் எல்லோருக்கும் பொருந்தும்.

பள்ளிக்கரணை கொடுத்த குடிநீர்

கிணறுகள் உவர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பள்ளிக்கரணை நிறுவனத்தின் பொறியாளர்கள் வடிவமைத்த ஆலை 2005-ம் ஆண்டு மே மாதம் கவரத்தியில் ஓடத் தொடங்கியது. தினமும் 1 லட்சம் லிட்டர் நன்னீர். கடலின் மேல்மட்ட நீர் சுமார் 28 டிகிரி வெப்பம். 350 மீட்டர் ஆழத்தில் 12-13 டிகிரிதான். மேல்மட்ட நீரைக் காற்று உறிஞ்சப்பட்ட தொட்டிக்குள் விட்டால், அடுப்பே இல்லாமல் ஒரு பகுதி ஆவியாகும். அந்த ஆவியை, ஆழத்திலிருந்து குழாய் வழியே எடுத்துவரும் குளிர்ந்த நீரால் குளிரவைத்தால் நன்னீர். சவ்வும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே கடல் செங்குத்தாக ஆழமாகிவிடுவதால்தான் தீவில் இது எளிதாக முடிந்தது. சென்னையில் அவ்வளவு ஆழத்துக்குக் கரையிலிருந்து வெகுதூரம் போக வேண்டும். 2007-ல் சென்னைக்கு அப்பால் நடுக்கடலில் மிதவைமேல் இதே முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். கவரத்தியை அடுத்து மினிக்காய், அகத்தி தீவுகளுக்கு 2011-ல் ஆலைகள் வந்தன. பிறகு மற்ற தீவுகளுக்கும் வேலை தொடர்ந்தது.

இங்கே விவசாயிகள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1 ஏக்கர் நெல்லுக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் கட்டினால் 2 லட்சம் லிட்டர். அதாவது, கவரத்தி ஆலை இரண்டு நாள் முழுக்க ஓடித் தருகிற தண்ணீர், 1 ஏக்கருக்கு ஒரே ஒரு தடவை பாய்ச்சத்தான் வரும். இயந்திரம் தாகத்தைத் தீர்க்கும், பயிரைக் காப்பாற்றாது. பயிருக்கு மழையும் மண்ணும் சேர்த்துவைத்த தண்ணீர்தான்.

அதே கணக்கு பள்ளிக்கரணையில்

இப்போது அந்த நிறுவனத்தின் சுற்றுவட்டாரத்துக்கே வருவோம். பள்ளிக்கரணைச் சதுப்பு, ஊர்க்காரர்கள் பேச்சில் ‘கழுவெளி’. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலில் கலக்கிறது. ஒருகாலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. இப்போது அதில் மிஞ்சியது சிறு பகுதிதான். குப்பைமேடும் கட்டடங்களும் சாலைகளும் மீதியை எடுத்துக்கொண்டன. 2022-ல் 1,247.54 ஹெக்டேர் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

1 ஹெக்டேர் சதுப்பில் 1 அடி தண்ணீர் நின்றால் 30 லட்சம் லிட்டர். கவரத்தி ஆலை ஒரு மாதம் முழுக்க ஓடித் தருகிற தண்ணீர் அது. மின்சாரம் வேண்டாம், குழாய் வேண்டாம். இப்படி நிற்கும் நன்னீர்தான் கடலோர மணலில் உப்பு ஏறாமல் எதிர்த்து நிற்க உதவுகிறது. அந்த இடத்தை மூடினால் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம், கோடையில் வாசலில் தண்ணீர் லாரி. 2015-ல் ஒன்றையும் 2019-ல் மற்றொன்றையும் தென்சென்னைப் புறநகர் பார்த்துவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்க நெம்மேலியில் 2013-ல் ஓர் ஆலையும், 2024-ல் இன்னொன்றும் வந்துவிட்டன. குடிப்பதற்கு அவை உதவும். பழைய கிணறுகளை அவை நிரப்பாது.

கடலோர விவசாயிகள் செய்ய வேண்டியது

தீவுக் கிணறு சொல்வதை நம் தோட்டத்தில் செய்து பார்க்கலாம். பாசன நீரை ஆண்டுக்கு இரண்டு முறை, கோடைக் கடைசியில் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவைப் பாருங்கள். அறிக்கையில் ‘மின்கடத்தும் திறன்’ என்று இருக்கும் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். வருஷா வருஷம் அது ஏறினால், கிணறு எச்சரிக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆழப்படுத்துவது தீர்வல்ல. உப்பை நோக்கிப் போவதுதான் அது. ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறுகளில் சிறிய மோட்டார் வைத்து, கொஞ்ச நேரம் ஓட்டி, ஊற விட்டு எடுக்க வேண்டும். சொட்டுநீர் போட்டால் எடுக்கும் அளவே குறையும். பக்கத்துக் குளம், தாங்கல், வடிகால் மூடப்படாமல் பார்த்துக்கொள்வது தனி ஒருவரால் ஆகாது. ஊர் கூடிச் செய்ய வேண்டும். தீவில் எலி வேட்டைக்கே ஊர் கூடியதை நினைத்துக்கொள்ளலாம்.

கப்பல் டிக்கெட்டுக்கும் அனுமதிக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, சங்க நண்பர்களோடு ஒருமுறை போய்வாருங்கள். பவளப்பாறையைப் பார்த்து முடித்ததும், கிணறு வைத்திருக்கும் ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டு, ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பாருங்கள். உப்பா, இனிப்பா என்று நாக்கு சொல்லிவிடும். ஊர் திரும்பியதும் உங்கள் கிணற்றிலும் அதையே செய்யுங்கள்.